அடுத்த பயிற்றுநர் யார்? – துறைமுக வீதி வாதங்கள்

திருகோணமலை என்றதும் கோணேசர் ஆலயமும் இயற்கைத் துறைமுகமுமே எவர் நினைவிலும் முதற்கண் எழுவன. மூன்றாவதாக ஒன்றைச் சொல்லுமாறு கேட்டால் அந்நகரத்தார் பலர் தயக்கமின்றி உதைபந்தாட்டத்தைச் சொல்வர். பிரித்தானிய அரச கடற்படை 1957 இல் இத்துறைமுகத்தை இலங்கையிடம் கையளித்து நீங்கியது. அது விட்டுச்சென்ற சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றி எழுதப்பட்டவை ஏராளம்; பந்தைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. மாலுமிகள் மாலைவேளைகளில் ஆடியதை வேலியோரம் நின்று பார்த்த தொழிலாளரின் பிள்ளைகளே இவ்வூரின் முதலாவது ஆட்டக்காரர் என்பது முதியோர் கூற்று. ஏகாம்பரம் மைதானத்தில் ஆட்டம் நடைபெறும் மாலைகளில் மதிலோரத்தில் திரளும் கூட்டத்தைக் கண்டோர் அக்கூற்றை ஐயுற மாட்டார். கோட்டைப் பக்கமிருந்து வரும் புள்ளிமான்கள் கடலோர வெளிகளில் மேய்ந்து நிற்க, பந்தோடு வரும் சிறுவர் அவற்றை விரட்டிவிட்டு ஆட்டம் தொடங்குவது இந்நகருக்கே உரிய காட்சியாகும்.

மைதானத்தில் ஆட்டம் முடிந்தபின் வாதம் தொடங்கும். மூதூர் லோஞ்சுகள் வந்துசேரும் இறங்குதுறைக்கு அண்மையில் ஒரு தேநீர்க் கடை உளது. பெயர்ப்பலகை இல்லாத கடை. துறைமுகத் தொழிலாளர், மீனவர், லோஞ்சுக்காரர், வேலை தேடும் இளைஞர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எனப் பலதிறத்தாரும் அங்கே கூடுவர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வாங்கில் அமர்ந்து, ஒருவர் பேச்சை மற்றவர் முடிக்க விடாது இடைமறித்துச் சண்டையிடும் உரிமை பெற்ற இடங்கள் இந்நகரில் அதிகமில்லை. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் அவ்வுரிமை அறவே இல்லாதிருந்தது என்பதையும் ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

2021 நவம்பர் மாதத்தின் மூன்றாம் வாரம் அக்கடையின் வரலாற்றில் மறக்கவியலாத வாரமாகும். அம்மாதம் 19 ஆம் நாள் கொழும்பில் நடைபெற்ற நான்கு நாடுகளின் கிண்ணப்போட்டி இறுதியாட்டத்தில் இலங்கை அணி சீசெல்சு அணியுடன் மூன்றுக்கு மூன்று என்ற கோல் கணக்கில் சமநிலை கண்டு, தண்ட உதைகளில் தோற்றது. மறுநாள் இங்கிலாந்தில் மஞ்செஸ்டர் யுனைட்டெட் கழகம் வட்ஃபோர்ட் அணியிடம் நான்குக்கு ஒன்று எனத் தோற்றது. அதற்கு மறுநாள் அக்கழகத்தின் முகாமையாளர் ஓலே குன்னர் சோல்ஷார் பதவி நீக்கப்பட்டார். இலங்கை அணியின் பயிற்றுநராயிருந்த அமிர் அலஜிக்கின் ஒப்பந்தம் நீடிக்கப்படுமா என்ற கேள்வியும் அதே நாட்களில் எழுந்தது. ஆக, ஒரே வாரத்தில் இரண்டு நாற்காலிகளைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

இளைஞர்களுக்கு முதலாவது நாற்காலியே பெரிது. சேர் அலெக்ஸ் பெர்குசன் 2013 இல் ஓய்வுபெற்ற நாள்முதல் அக்கழகத்துக்கு யார் தகுதியானவர் என்ற வாதம் திருகோணமலையில் ஓய்ந்ததேயில்லை. மோயெஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷார், பின்னர் டென் ஹாக், அமோரிம் என இடைக்காலத்தவரை நீக்கியே 2024 முடிவதற்குள் அறுவர் அவ்விருக்கையில் அமர்ந்துவிட்டனர். அவர்கள் ஒவ்வொருவரினதும் ஆட்ட அமைப்பை, வாங்கிய வீரரின் விலையை, பத்திரிகையாளர் முன் சொன்ன சொல்லை இவ்விளைஞர் மனப்பாடமாகச் சொல்வர். இரண்டாவது நாற்காலியில் இருப்பவரின் பெயரை முழுமையாகச் சொல்லக்கூடியவர் அவர்களுள் இருவரோ மூவரோதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இதுவே தீராத மனக்குறை. மாணவரை உதைபந்தாட்டத்தில் பழக்கியவர். எவரும் அவரை ‘சேர்’ என்றே அழைப்பர். அன்று மாலை அவர் வழக்கத்துக்கு மாறாகக் குரலை உயர்த்தினார்.

“தம்பி, லண்டன்காரன் ஆரை வைக்கிறான் ஆரைக் கலைக்கிறான் எண்டு உன்னைக் கேட்டா செய்யிறான்?”

“இல்லை சேர்.”

“பிறகென்னத்துக்கு ராப்பகலா அதைப் பேசுறாய்?”

அவ்விளைஞன் சிரித்தவாறே விடை சொன்னான். “கொழும்புக்காரனும் கேக்கிறதில்லைதானே சேர். அங்கை கேக்க மாட்டாங்கள் எண்டு எனக்கு முதலே தெரியும். அதால கவலை இல்லை.”

கடை சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. அவ்விடையில் விளையாட்டுக்கு அப்பாற்பட்டதொரு செய்தி அடங்கியிருந்ததை அவர் உணர்ந்திருத்தல் கூடும். தன்னைச் சேராததென்று நன்கறிந்த ஒன்றின்மீது செலுத்தும் அன்பு காயப்படுத்துவதில்லை. தன்னுடையதாயிருக்க வேண்டிய ஒன்று தன்னைக் கண்டுகொள்ளாதபோதுதான் நெஞ்சு நோகிறது. எனவே நெஞ்சு நோகாத அணியை அவ்விளைஞர் தேர்ந்துகொண்டனர்.

அன்றைய வாதம் இறுதியில் இரண்டாவது நாற்காலிக்கே வந்துசேர்ந்தது. இங்கிலாந்தில் முகாமையாளர் எனப்படுபவர் அணியைப் பழக்குபவர், தெரிபவர், ஆட்ட முறையை வகுப்பவர். யாரை வாங்குவது என்பதிலும் அவர் குரலுக்கு இடமுண்டு. இலங்கையில் தேசிய அணியின் முகாமையாளர் பயணம், தங்குமிடம் போன்றவற்றைக் கவனிப்பவர். களத்துக்குப் பொறுப்பானவர் தலைமைப் பயிற்றுநரே. அன்றியும், கழகப் பயிற்றுநர் நாள்தோறும் வீரரைப் பழக்குகிறார். தேசியப் பயிற்றுநருக்கோ சர்வதேச ஆட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட சில நாட்களும் அவற்றுக்கு முந்திய முகாமுமே கிடைக்கின்றன. கழகங்கள் உருவாக்கித் தராத ஒன்றை அச்சில நாட்களில் எவராலும் உருவாக்கிவிட முடியாது. இவ்வேறுபாட்டை ஆசிரியர் கரும்பலகையில் எழுதாத குறையாக விளக்கினார்.

அவருடைய கட்சி உள்ளூர்ப் பயிற்றுநர் கட்சி. பாடசாலை ஆட்டங்களையும் மாவட்ட லீக்குகளையும் அறிந்தவர், வீரரோடு அவர்தம் மொழியிற் பேசக்கூடியவர், மாதச் சம்பளத்தோடு மாளிகையும் கேட்காதவர் வேண்டும் என்பது அவர் வாதம். 1995 இல் கொழும்பில் இந்தியாவை ஒரு கோலால் வென்று தெற்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய அணியை அவர் இடைக்கிடை மேற்கோள் காட்டுவார். 1998 இல் உலகத் தரவரிசையில் 122 ஆம் இடம்வரை ஏறிய நாடு இருநூறாம் இடத்துக்கும் கீழே இறங்கியது பயிற்றுநரின் கடவுச்சீட்டினால் அன்று என்பார்.

மூதூரைச் சேர்ந்த லோஞ்சுக்காரர் ஒருவர் மறுகட்சி. இளைஞர் அவரை ‘நானா’ என்பர். நிசாம் பக்கீர் அலி உள்ளூர்க்காரர்தாம். அவர் காலத்தில் 2019 ஒக்டோபரில் தென்கொரியாவிடம் எட்டு கோல்கள் வாங்கியது மறந்துபோயிற்றா என்று அவர் கேட்டார். அதே தென்கொரியாவிடம் 2021 யூனில் அலஜிக்கின் அணி வாங்கியது ஐந்து. லெபனானுக்கு எதிராக இரண்டு கோல்களும் அடித்தது. எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கியதும் முன்னேற்றமே என்பது நானாவின் கணக்கு. ஆனால் அவர் கட்சியின் உயிர்நாடி கணக்கில் இல்லை.

“சேர், உள்ளூராள் வந்தா அவர்ர தோள்ல ஆயிரம் கை. அந்தக் கிளப்காரன், இந்தப் பெரியவர், ஒவ்வொருத்தர்ர கோல். வெளிநாட்டான் எண்டா ஆர்ர மகன் ஆரெண்டு தெரியாது. பந்தைத்தான் பார்ப்பான்.”

இதற்கு ஆசிரியரிடம் உடனடி விடை இருக்கவில்லை. வாங்கின் மூலையில் அதுவரை வாய் திறவாதிருந்த மீனவர் ஒருவரே அடுத்துப் பேசினார். அவர் மகன் கொழும்பிலே நடந்த ஒரு வீரர் தெரிவுக்குச் சென்று வந்தவன் என்பது கடையிலுள்ளோர் அறிந்ததே. இரவு அஞ்சற் புகையிரதத்தில் ஏறி, விடியற்காலையில் கோட்டை நிலையத்தில் இறங்கி, நிலையக் குழாயிலே முகம் கழுவி, சப்பாத்துப் பையோடு மைதானத்துக்குப் போயினர் தந்தையும் மகனும். பகல் முழுவதும் காத்திருந்தபின் பையனுக்குக் கிடைத்தது பத்து நிமிட ஆட்டம். அறிவுறுத்தல்கள் யாவும் சிங்களத்திலேயே வழங்கப்பட்டன. எந்தப் பக்கம் ஓடச் சொல்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துத்தான் பையன் அறிந்துகொண்டான். அன்றிரவே இருவரும் அதே புகையிரதத்தில் திரும்பினர்.

“உள்ளூரோ வெளியூரோ எனக்கு ஒண்டுதான்,” என்றார் அவர். “வாற மனுசன் ஒருக்கா அந்த ரெயின்ல ஏறி இஞ்ச வருவாரா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ.”

தலைமைப் பயிற்றுநருக்கான தகைமைகளை விளம்பரஞ் செய்வோர் சான்றிதழ்களையும் அனுபவ ஆண்டுகளையும் பட்டியலிடுவர். இம்மீனவர் கேட்ட தகைமை எந்தப் பட்டியலிலும் இடம்பெற்றிராது; ஆயினும் அன்றைய வாதத்தில் மிகக் கூரியது அதுவே எனலாம்.

அவ்வினாவின் பின்னணியைச் சிறிது விரித்து நோக்குதல் தகும். 2021 இல் இலங்கையில் தொடங்கப்பட்ட சுப்பர் லீக் போட்டியிற் பத்துக் கழகங்கள் பங்குபற்றின. வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒரு கழகமும் அப்பத்தில் இல்லை. கடற்படையின் அணி இருந்தது. தரைப்படையின் அணியும் வான்படையின் அணியும் இருந்தன. நெடுங்காலமாகவே இத்தீவில் உதைபந்தாட்டத்தால் வயிறு வளர்க்க விரும்பும் இளைஞனுக்குத் திறந்திருக்கும் அகலமான வாயில் படைகளினதும் பொலிசினதும் வாயிலே. அங்கே வேலையும் சம்பளமும் பயிற்சியும் ஒருங்கே கிடைக்கின்றன. துறைமுகத்தை ஒட்டிய டொக்யார்ட்டில் கடற்படையின் கிழக்குக் கட்டளையகம் இருக்கிறது. தேநீர்க் கடையிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். அவ்வாயிலுக்குள் ஒரு தமிழ்ப் பையன் சீருடை அணிந்து பந்தாடச் செல்வது எத்துணை நெடும் பயணம் என்பதை இந்நகரின் கடந்த நாற்பது ஆண்டுகளை அறிந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. பயிற்றுநரை மாற்றுவதால் இத்தூரம் குறையாது. கடையிலுள்ளோர் இதை அறியாதவரல்லர். அறிந்தும் பயிற்றுநரைப் பற்றியே வாதிட்டனர். நாற்காலியில் இருப்பவரை மாற்றுவதையாவது கற்பனை செய்ய முடிகிறது. ஏனையவற்றைக் கற்பனை செய்வதும் களைப்பூட்டும் வேலை போலும்.

அலஜிக் தொடரவில்லை. அடுத்தவர் யார் என்ற வாதம் சூடேறியிருந்த 2022 பெப்ரவரியில் மன்னாரைச் சேர்ந்த தேசிய வீரர் டக்சன் பியூஸ்லஸ் மாலைதீவில் உயிரிழந்த செய்தி வந்தது. மன்னாரிலிருந்து தேசிய அணி வரை சென்று காட்டியவர் என்று ஆசிரியர் மாணவர்க்கு எடுத்துக்காட்டும் பெயர் அது. சில நாட்களுக்குக் கடையில் எவரும் உதைபந்தாட்டம் பேசவில்லை.

புதிய பயிற்றுநராக வந்தவர் அண்டி மொரிசன். இசுக்கொத்துலாந்தினர், மஞ்செஸ்டர் சிற்றி கழகத்தின் முன்னாள் தலைவர். இங்கேதான் எவரும் எதிர்பாராத சிக்கல் எழுந்தது. யுனைட்டெட் கழகத்துக்கு ஆயுட் சந்தா கட்டியவர்போல் நடந்துகொள்ளும் இளைஞர் குழாம், சிற்றியின் முன்னாள் தலைவரைத் தம் நாட்டு அணிக்கு ஏற்பது எங்ஙனம் என்று உண்மையாகவே மனம் புழுங்கியது. அந்த வேடிக்கையான பகையினாலேயே அவர்கள் முதன்முறையாகத் தேசிய அணியின் ஆட்டங்களைக் கவனிக்கத் தொடங்கினர். ஆசிரியர் ஆண்டுக்கணக்காக உபதேசித்தும் நிகழாதது ஒரு மஞ்செஸ்டர்ப் பகையால் நிகழ்ந்தது.

அவ்வாண்டு நாடு பட்ட பாடு யாவரும் அறிந்ததே. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசைகள் நீண்டன. துறைமுகத்தின் அப்புறத்தே 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்க, இப்புறத்தே மீனவர் வெற்றுக் கலன்களோடு நின்றனர். தேநீர்க் கடையின் வாதம் வரிசைக்கு இடம் மாறியது. மே மாதம் 9 ஆம் நாள் பிரதமர் பதவியைத் துறந்த மகிந்த ராசபக்ச மறுநாள் திருகோணமலைக் கடற்படைத் தளத்திலே தங்கவைக்கப்பட்டபோது, தளத்தின் வாயிலில் மக்கள் கூடி முழக்கமிட்டனர். ஆறு மாதங்களுக்கு முன் சீசெல்சிடம் இழந்த கிண்ணம் அவர் பெயரையே தாங்கியிருந்தது. “அடுத்தவர் ஆர்?” என்று வரிசையில் எவரேனும் கேட்டால், “எந்த நாற்காலிக்கு?” என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்த காலம் அது. யூன் மாதத்தில் உசுபெக்கிசுத்தானில் நடைபெற்ற ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்கள் மூன்றிலும் இலங்கை தோற்றது. ஒரு கோலேனும் அடிக்கவில்லை. மின்வெட்டின் நடுவே கைத்தொலைபேசியில் அவற்றைப் பார்த்த யுனைட்டெட் இளைஞன், சிற்றிக்காரர் தோற்றதற்காக மகிழ்வதா நாட்டுக்காக வருந்துவதா என்று அறியாது விழித்தான்.

அதன்பின் நிகழ்ந்தது தோல்வியினும் கொடியது. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்ற காரணம் காட்டி 2023 சனவரி 21 ஆம் நாள் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. 1939 இல் தோன்றி 1952 முதல் பீஃபாவின் உறுப்பினராக இருந்துவரும் அமைப்பு அது. ஏழு மாதங்களுக்கு மேலாகச் சர்வதேச ஆட்டம் எதுவும் இல்லை. தோற்கும் அணியைத் திட்டலாம். பயிற்றுநரைக் கலைக்கச் சொல்லலாம். இல்லாத அணியை என் செய்வது? நானா ஒரு மாலையில் பழக்கதோசத்தால், “சேர், எனக்கெண்டா இந்த மொரிசன்…” என்று தொடங்கிவிட்டு, வாக்கியத்தை முடிக்காமல் தேநீரைக் குடித்தார். வாதத்தில் தோற்பவர் வாதத்தை இழப்பதில்லை; அன்றோ வாதமே இல்லாமற் போயிற்று. அக்கடையில் ஒருவரையொருவர் இடைமறிக்கும் ஓசை குறைந்து, தொலைபேசியைத் தடவும் ஓசையற்ற மாலைகள் மிகுந்தன. இன்னார் இன்ன இனத்தார் என்பது மீண்டும் வாங்கில் தெரியத் தொடங்கியது எனச் சொன்னால் அது மிகைப்படக் கூறலாகலாம். எனினும், வெவ்வேறு வாங்குகளில் அமரும் வழக்கம் அம்மாதங்களில் தலைகாட்டியது உண்மை.

மீனவரின் மகன் அவ்வாண்டு கட்டாருக்கு வேலைக்குப் போனான். மீனவர் கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். மகனுடைய பழைய பந்துகள் இரண்டைக் காற்றடித்து எடுத்துக்கொண்டு, தெருச் சிறுவர் பதினைந்து பேரை வெளிக்குக் கூட்டிச்சென்று காலை ஆறு மணிக்குப் பழக்கத் தொடங்கினார். சான்றிதழ் எதுவும் அவரிடம் இல்லை. ஆசிரியர் இரண்டு முறை போய்ப் பார்த்தார். பையன்களை வெறுங்காலோடு கல் நிலத்தில் ஓடவிடுவதாகக் கண்டித்தார். மூன்றாம் முறை போகும்போது ஊதுகுழல் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஓகத்து 29 ஆம் நாள் தடை நீங்கியது. ஒக்டோபரில் யேமனுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்களில் முதலாவதில் மூன்று கோல்களால் தோற்று, கொழும்பில் நடந்த இரண்டாவதில் ஒன்றுக்கு ஒன்று எனச் சமநிலை கண்டது இலங்கை. கடையில் இரைச்சல் திரும்பியது. சமநிலைக்கு மகிழ்வதா என்று ஒரு கட்சியும், ஏழு மாதம் பட்டினி கிடந்தவன் கஞ்சிக்குக் குறை சொல்வதா என்று மறுகட்சியும் மோதின.

2024 இல் மொரிசனின் இடத்துக்குக் குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல் முதைரி வந்தார். நேபாள அணியை 2021 இல் தெற்காசிய இறுதியாட்டம் வரை கொண்டுசென்றவர் அவர். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வழியினரை அணியிற் சேர்க்கும் வழக்கமும் இவ்வாண்டுகளில் வலுப்பெற்றது. இலண்டனில் வளர்ந்த டிலன் டி சில்வா, சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் முதலியோர் நாட்டின் சட்டையை அணிந்தனர். ஆதவனின் பெயரைக் கேட்டதும் கடை பூரித்தது. பூரிப்பு அடங்கியபின் வாதம் எழுந்தது. வந்தவர் நன்றாக ஆடுகிறார், வென்றால் போதும் என்றனர் இளைஞர். பிள்ளைகளை வெளியே தேடினால் உள்ளே தேடும் பழக்கமே அற்றுப்போகும் என்றார் ஆசிரியர். சுவீடனிலிருந்து கொழும்புக்கு வரும் பாதை திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் பாதையினும் குறுகியது போலும் என்று யாரோ சொல்ல, அவ்விடத்தில் நெடுநேரம் எவரும் மறுமொழி கூறவில்லை. போரில் நாடிழந்து போனவரின் பிள்ளை அந்நாட்டின் சட்டையோடு திரும்பி வந்ததைக் குறை சொல்லவும் எவருக்கும் மனம் வரவில்லை.

அவ்வாண்டு செத்தெம்பர் 5 ஆம் நாள் கொழும்பில் கம்போடியாவுடன் கோலின்றிச் சமநிலை. 10 ஆம் நாள் புனோம் பென்னில் மறு ஆட்டம்; இரண்டுக்கு இரண்டு. தண்ட உதைகள் தொடங்கியபோது கடை மூடும் நேரம் கடந்துவிட்டது. ஒரே கைத்தொலைபேசியைச் சூழ்ந்து பன்னிரண்டு தலைகள். படம் அடிக்கடி உறைந்து நின்றது. காவலர் சுஜான் பெரேரா தடுத்தாரா இல்லையா என்பதைப் பக்கத்துத் தெருவில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டுத்தான் இவர்கள் அறிய நேர்ந்தது. நான்குக்கு இரண்டு, இலங்கை வென்றது. நானா ஆசிரியரைத் தூக்கிவிட்டார். கட்டாரிலிருந்து மகன் அழைத்ததாகச் சொல்லிக்கொண்டு மீனவர் வந்தார். ஒரு பிளேன்ரீ குடித்தார். காலையில் பையன்கள் வருவார்கள் என்று எழுந்து போனார்.

யுனைட்டெட் இளைஞன் தொலைபேசியைத் துடைத்தவாறே, “இந்தக் கோச்சை எத்தனை வருசத்துக்குச் சேர் வச்சிருப்பாங்கள்?” என்று கேட்டான்.

“ரெண்டு மட்ச் தோக்கட்டும்,” என்றார் ஆசிரியர். “பிறகு பேசுவம்.”